நாலாம் நம்பர் வண்டியின் கசிவு

போன மாதம், நான் வேலை பார்த்த ரேஸ் டிராக்கில் இரண்டு புதிய வண்டிகள் வந்து இறங்கியிருப்பதாகவும், வந்து பார்க்கும்படியும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. மரக்காணத்தில் என் வீட்டிலிருந்து டிராக் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். போனேன். இரண்டுமே பேட்டரி வண்டிகள். பானெட்டைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி, ஆரஞ்சு நிற ஒயர்கள், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் நான் குனிந்து வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. இதில் சொட்டுவதற்கு என்ஜின் எண்ணெயே கிடையாது என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர், "சார், ஒரு கசிவைத் தேடி நீங்க நாள் கணக்கா அலைஞ்சீங்களாமே. எழுதிக் குடுங்க சார், நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம்" என்றார். நோட்டீஸ் போர்டில் அடங்குகிற மாதிரி எழுத எனக்கு வராது. நான் டீ குடிக்கப் போன கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டீக்கு நேரம் வந்துவிடும் என்று என் மனைவி அஞ்சலை சொல்வாள். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லவேண்டும். வண்டியை விட்டு எண்ணெய் போவதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது. பழைய என்ஜின் சத்தத்துக்கு ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். எண்ணெயும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். போனது நிம்மதி.

என் பெயர் ஏழுமலை. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் உப்பு வாரினார்கள். அங்கே பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் பம்புசெட்டுதான் நான் தொட்ட முதல் என்ஜின். அப்புறம் திண்டிவனத்தில் ஐ.டி.ஐ., ஒரு லாரிப் பட்டறையில் கொஞ்ச வருஷம், எக்கியார்குப்பத்தில் போட் என்ஜின்களோடு கொஞ்ச வருஷம். அந்தக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், வேலை கற்றேன், கல்யாணம் ஆயிற்று. அப்புறம் டிராக் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிராக் என்றால் வேகமாக வண்டி ஓட்டுவதற்கென்றே வளைத்து வளைத்துப் போட்ட தார்ப்பாதை. எங்களுடையது தனியார் டிராக். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சிலர் சொந்த வண்டி கொண்டுவருவார்கள். மற்றவர்களுக்கு எங்களிடம் ஆறு வண்டிகள் இருந்தன, ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டு. அந்த ஆறையும் ஓடவைப்பது மூன்று பேர் பொறுப்பு. ஃபோர்மேன் சவரிமுத்து, என்ஜின் மூடிகளில் எண்ணெய் ஒழுகாதபடி பேக்கிங் போடுவதில் கெட்டிக்காரனான சாதிக், அப்புறம் நான்.

ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நடுநடுவே மூச்சு விட நேரம் கிடைக்கும். சிக்னலில் நிற்கும், மாட்டுக்கு வழிவிடும். டிராக்கில் அந்தக் கதையே கிடையாது. இருபது நிமிஷம் மிதித்த காலை எடுக்காமல் ஓட்டுவார்கள். எண்ணெய் கிட்டத்தட்ட வடை பொரிக்கிற சூட்டுக்குப் போய்விடும். சூடு ஏறினால் எண்ணெய் தண்ணீராக இளகும். இளகிய எண்ணெய் எங்கே இடுக்கு என்று தேடும். வெளியே வந்து டயருக்கு அடியில் போனால் வண்டி வழுக்கும். சைலன்சருக்குப் போகிற பழுத்த குழாயில் விழுந்தால் தீ. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் இரும்பை கிராமத்திலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாமே தப்பை ஒப்புக்கொண்டுவிடலாம் போலிருக்கும்.

அவர் வைத்த முறைகளை இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேகமாக ஓட்டி முடித்ததும் ஒரு ரவுண்டு மெதுவாக வரவேண்டும். வந்தவுடன் என்ஜினை அணைக்கக்கூடாது, ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பானெட்டைத் தூக்கவேண்டும். எண்ணெய் மட்டத்தைச் சூட்டிலும் பார்க்கவேண்டும், ஆறிய பிறகும் பார்க்கவேண்டும். "ரெண்டும் ரெண்டு கதை சொல்லும்பா" என்பார். ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் அதன் அடியில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி விரித்துவைப்போம். காலையில் அவர் முதலில் அந்தத் தாள்களைத்தான் பார்ப்பார். எந்த இடத்தில் சொட்டு, என்ன நிறம், எத்தனை அகலம் என்று பார்த்துவிட்டுத்தான் டீக்குப் போவார்.

சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஓடுகிற வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் எங்கேயோ சொட்டவைக்கும். கசிகிற இடத்தைப் பிடிக்க அவர் செய்த வேலை இது: என்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காயவைத்து, முகப்பவுடரை எல்லா இடத்திலும் தூவுவார். பிறகு ஓட்டிவிட்டுப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் எண்ணெய் எங்கே தொடங்கி எங்கே போயிருக்கிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். பவுடர் வாங்கிவருவது என் வேலை. மரக்காணம் கடைத்தெருவில் மாசத்துக்கு ஆறு டப்பா வாங்கினால் யார் சும்மா இருப்பார்கள்? கடைக்காரர் ஒருநாள், "உங்க வீட்ல எத்தினி பொண்ணுங்கண்ணா?" என்றே கேட்டுவிட்டார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவர், வண்டிக்கு நல்லது என்று நினைத்துத் தன் என்ஜினில் ஒரு லிட்டர் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். என்ஜினுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. உள்ளே சேருகிற காற்றும் புகையும் அது வழியாகத்தான் வெளியே போகும். இவர் ஊற்றிய கூடுதல் எண்ணெய் அந்த வழியாகப் பீறிட்டு, ஒரு வளைவு முழுக்கக் கொட்டிவிட்டது. நான் உப்பளத்துக்காரன் இல்லையா, சுவர் ஏறிக் குதித்து ரெண்டு கூடை உப்பை வாரிவந்து எண்ணெய் மேல் வீசினேன். உப்பு எண்ணெயைக் குடித்தது. எனக்கு ஒரே பெருமை. மத்தியானம் கடல்காற்று திரும்பியது. உப்பு வேர்த்து, வளைவு முழுக்க ஈரமாகி முன்னைவிட மோசமாக வழுக்கியது. ஃபோர்மேன் அதன் நடுவில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். "ஏழுமல, இது மீன் இல்ல" என்றார். அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரும் துடைப்பமுமாக நான் சாயங்காலம் வரை கழுவினேன். எண்ணெய் கொட்டினால் மரத்தூளும் சிமெண்டுத் தூளும்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ஆறு வண்டிகளிலும் மூச்சுக்குழாயின் முனையில் ஒரு தகர டப்பா வைத்தார் ஃபோர்மேன். காற்றோடு வருகிற எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், காற்று மட்டும் டப்பாவின் தலையிலுள்ள ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகும். நல்ல ஏற்பாடு. அதைக் கெடுத்தவன் நான்தான். எனக்குத் தெரியாமலேயே கெடுத்தேன்.

இனி நாலாம் நம்பர் வண்டிக்கு வருகிறேன். அந்த உப்புக் கூத்து நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான் அனுபவஸ்தன் என்று பேர் வாங்கியிருந்தேன். கத்திரி வெயில் தொடங்கிய வாரம். அந்த வண்டி நாலு ரவுண்டு ஒழுங்காக ஓடும். அஞ்சாவது ரவுண்டில் எரிந்த எண்ணெய் நாற்றம் வரும். கொண்டுவந்து பார்த்தால் டேப்பெட் கவரின் பின்மூலையில் ஈரம். டேப்பெட் கவர் என்பது என்ஜினின் தலையில் கவிழ்த்த மூடி. மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு ரப்பர் பேக்கிங் இருக்கும். அந்த மூலைக்கு நேர் கீழேதான் சைலன்சர் குழாய் போகிறது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி ஓடவிட்டால் ஒரு சொட்டு வராது. டிராக்கில் சூடு ஏறினால் மட்டும் வரும்.

சாதிக் பேக்கிங்கை மாற்றினான். மூன்று நாளில் மறுபடி அதே மூலையில் ஈரம். மறுபடி மாற்றினான். அடுத்த நாள் காலையில் நித்யா மேடம் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நித்யா குயிலாப்பாளையத்திலிருந்து வருகிற பயிற்சியாளர். ஆட்கள் வருவதற்கு முன்னால் எல்லா வண்டியையும் தானே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

நான் தடுப்புச் சுவர் பக்கத்தில் நின்றிருந்தேன். நீண்ட வளைவில் நாலாம் நம்பருக்குப் பின்னால் நீலமாகப் புகை வந்தது. பிறகு பானெட் இடுக்கில் மஞ்சளாக ஏதோ ஆடியது. நித்யா பதறவில்லை. வண்டியை டிராக் ஓரத்துக் காவல் கொட்டகை பக்கமாக ஒதுக்கி, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினார். கொட்டகையிலிருந்தவர் பானெட்டைத் திறக்காமலேயே இடுக்கு வழியாகத் தீயணைப்பான் குழாயை நுழைத்து அடித்தார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. நித்யா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கால் சுட்டுச்சுண்ணா. பெடல் கிட்டயே சுட்டுச்சு" என்றார். அவருக்கு வேறொன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட 'ஒன்றும் ஆகவில்லை' என்று எழுத முடிவதில் எனக்கு ஒரு ஆறுதல்.

மேனேஜர் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். "ரெண்டு தடவ மாத்தியும் ஒழுகுதுன்னா மாத்தற கை சரியில்லன்னு அர்த்தம். சனிக்கெழமைக்குள்ள வேற காரணம் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க. இல்லன்னா சாதிக்க அனுப்பிடலாம்" என்றார்.

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றினார். "சனிக்கெழம வரைக்கும் யாரு கையப் பத்தியும் பேச வேணாம் சார்."

சாப்பாட்டு நேரத்தில் சாதிக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டினான். மரக்காணத்துக்காரன், பதினைந்து வருஷமாக பேக்கிங் போடுகிறவன். விரலை ஒரு சுற்று ஓட்டினால் போதும், எங்கே மேடு எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவான். "நெசமா சொல்லுண்ணா. என் கை போயிடுச்சா?" என்று கேட்டான். நான், "அதெல்லாம் இல்லடா" என்றேன். ஆனால் மனசுக்குள் எனக்கும் சந்தேகம் வந்திருந்தது. வீட்டில் ஏதோ கவலை, அவசரத்தில் போட்டிருப்பான் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தீ லேசாகத்தான் பிடித்திருந்தது. கருகிய ஒயர்களை மாற்றினோம். ஃபோர்மேன் பக்கத்தில் நின்று பார்க்க, சாதிக் மூன்றாவது பேக்கிங்கைப் போட்டான். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்குகிற ஸ்பேனரில் வரிசை தவறாமல் முடுக்கினான். என்ஜினைக் கழுவினோம், பவுடர் தூவினோம். வெள்ளிக்கிழமை காலை, நாற்றம் வந்த நொடியே நிறுத்தவேண்டும் என்று சொல்லி ஃபோர்மேன் நித்யாவை அனுப்பினார். அஞ்சாவது ரவுண்டில் நித்யா திரும்பி வந்துவிட்டார். பானெட்டைத் தூக்கினோம். பின்மூலையிலிருந்து பவுடரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

சாதிக் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஃபோர்மேன் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. எண்ணெய் மட்டம் பார்க்கிற டிப் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தன் குழாயிலிருந்து ரெண்டு விரல்கடை உயர்ந்து நின்றது. கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விரலை எடுத்ததும் கம்பி மெதுவாக மறுபடி எழுந்தது.

"பேக்கிங் எண்ணெய விடலப்பா. உள்ள இருக்கற காத்து பேக்கிங்கத் தள்ளுது. இந்த வண்டி மூச்சு விடல" என்றார். "என்ஜின அணைச்சிட்டு ஆறவுடுங்க. டீ குடிச்சிட்டு வந்து மூச்சுக்குழாயப் பாப்போம்."

மூச்சு என்ற வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் கிழக்குக் காற்றில் உப்புத் தூசி வந்து கொட்டியது. நாலாம் நம்பர் நிற்கிற இடம் கிழக்குச் சுவரை ஒட்டினது. வண்டி மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. தகர டப்பாவின் தலையிலிருந்த சின்னக் குழாய் வழியாக உப்பு உள்ளே போய்விடுமே என்று, என் பழைய வேட்டித் துணியை ரெண்டாக மடித்து அதன் வாயில் கட்டியிருந்தேன். உப்பளத்தில் பம்புசெட்டுக்கு எல்லாரும் அப்படித்தான் கட்டுவோம். கட்டாதவனைத்தான் திட்டுவார்கள். ஆனால் பம்புசெட்டு மெதுவாக ஓடுகிற என்ஜின், துணியையும் தினம் காலையில் மாற்றுவோம். இங்கே கட்டியதோடு மறந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

மற்றவர்கள் டீக்குப் போனார்கள். நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தங்கினேன். டப்பா ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு இடுக்கில் இருக்கும். கையை விட்டுத் தடவினேன். துணி இருந்தது. எண்ணெய் ஊறி, அதன்மேல் உப்பு படிந்து, ஈரத்தில் ஊறிக் காய்ந்து, கறுத்து இறுகிக் கிடந்தது. குனிந்து பார்த்தாலும் டப்பாவோடு சேர்ந்த மூடி என்றுதான் நினைக்கத் தோன்றும். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, பிளேடால் அறுத்தேன். அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் பயம்தான். கசிவு நின்றுவிடும், எல்லாரும் தப்பித்துவிடுவார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

திரும்பி வந்து ஃபோர்மேன் மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். தாராளமாகக் காற்று போயிற்று. டப்பாவையும் ஊதினார். அதுவும் சரி. அவர் நெற்றி சுருங்கியது. தள்ளப்பட்ட பேக்கிங்கை எடுத்துவிட்டு நாலாவதைத் தன் கையாலேயே போட்டார். மத்தியானம் நித்யா பத்து ரவுண்டு ஓட்டினார். பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது.

மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா ஃபோர்மேன்? உங்க கை பட்டதும் நின்னுடுச்சு. நான் சொன்னது சரியாப் போச்சா? நாளையோட சாதிக் கணக்க முடிச்சிடுங்க."

நான் நினைத்தே பார்க்காத திருப்பம் இது. சாதிக்கைக் காப்பாற்றியதாக நினைத்து அவன் தலையில் கல்லைப் போட்டுவிட்டேன். ஃபோர்மேன் மட்டும், "நின்னது சரி சார், ஏன் நின்னுதுன்னு தெரியலியே. தெரியற வரைக்கும் இந்த வண்டி வெளிய போவாது" என்றார். மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. சாதிக் தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டேன். அஞ்சலை துவைக்க எடுத்தவள் பையில் கைவிட்டாள். "இது உங்க பழைய வேட்டித் துணியாச்சே, கல்லு மாதிரி இருக்குது. எங்க போட்டு எடுத்தீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நாளைக்கி அந்தப் புள்ள வேலை இல்லாம வீட்டுக்குப் போவான், நீங்க அதே எடத்துக்கு வேலைக்குப் போவீங்க. போயி அவன் பக்கத்துல உக்காந்து சாப்ட்ட எடத்துல தனியா உக்காந்து சாப்பிடுவீங்க. முடியுமா உங்களால?" என்று மட்டும் கேட்டாள். துணியைத் துவைக்கவில்லை. ஒரு தாளில் சுற்றி என் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஃபோர்மேன் மேஜையில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். சாதிக்கும் நித்யாவும் அங்கே இருந்தார்கள். கட்டினது, மறந்தது, அறுத்தது, ஒளித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஃபோர்மேன் கண்ணாடியைத் துடைப்பார் என்று பார்த்தேன். துடைக்கவில்லை. துணியை எடுத்து மோந்தார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார். பிறகு என்னிடம் நீட்டி, "கட்டு" என்றார். எனக்குப் புரியவில்லை.

"எங்க கட்டியிருந்தியோ அங்கயே, எப்படிக் கட்டுனியோ அப்படியே கட்டுப்பா. நீ சொல்றத நான் நம்பறேன். நான் நம்புனா பத்தாது, மேனேஜருக்கு வண்டி சொல்லணும்."

ஒரு தகரத் தகட்டை வெட்டி, எண்ணெய் ஒழுகினாலும் சைலன்சர் குழாயில் விழாதபடி நடுவில் செருகினார். ஒவ்வொரு கொட்டகையிலும் தீயணைப்பானோடு ஆளை நிறுத்தினார். மேனேஜரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். நான் புதுக் கயிறு போட்டு அதே துணியை அதே இடத்தில் கட்டினேன். நித்யா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் காலைச் சுட்டது என் துணி. என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன்.

"ஏழுமலைண்ணா, நீங்க பக்கத்து சீட்ல உக்காருங்க. நாத்தம் வந்தா எனக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும்."

இத்தனை வருஷத்தில் டிராக் வேகத்தில் ஓடுகிற வண்டியில் நான் உட்கார்ந்ததே இல்லை. முதல் வளைவிலேயே குடல் ஒரு பக்கமாகப் போயிற்று. ரெண்டாவது ரவுண்டு, மூன்றாவது ரவுண்டு. நாற்றம் இல்லை. நாலாவது ரவுண்டிலும் இல்லை. எனக்குப் பயம் வேறு மாதிரி திரும்பியது. ஒருவேளை துணி காரணமில்லையோ? அப்படியானால் சாதிக் போகவேண்டியதுதானே? வரவேண்டும், வந்து தொலையேன் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். அஞ்சாவது ரவுண்டில், நீண்ட வளைவில், எரிந்த எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது.

"வந்துடுச்சு மேடம்! வந்துடுச்சு!" என்று கத்தினேன். எண்ணெய் கருகுகிற நாற்றத்துக்காகச் சாமிக்கு நன்றி சொன்ன மெக்கானிக் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நித்யா சிரித்துக்கொண்டே வண்டியை மெதுவாக்கினார்.

பானெட்டைத் தூக்கினோம். டிப் ஸ்டிக் எழுந்து நின்றது. பின்மூலையிலிருந்து கறுப்புக் கோடு இறங்கித் தகட்டின்மேல் தேங்கியிருந்தது. சாதிக் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க போட்ட பேக்கிங்கும் ஒழுகுது!" என்று ஃபோர்மேனைப் பார்த்துச் சிரித்தான். ஃபோர்மேனும் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாதிக் என் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. "நாள் கணக்கா தூங்கலண்ணா" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துணியை அவிழ்த்தோம். தள்ளின பேக்கிங்கை எடுத்துவிட்டு, "நவுருங்க சார்" என்று ஃபோர்மேனை ஒதுக்கிவிட்டுச் சாதிக் அஞ்சாவதைப் போட்டான். நித்யா பன்னிரண்டு ரவுண்டு ஓட்டினார். பவுடர் கலையவில்லை.

மேனேஜர் சும்மா விடுகிற ஆள் இல்லை. "அப்போ அனுப்ப வேண்டியது இவரத்தான்" என்று என்னைக் காட்டினார். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

நித்யா இன்னும் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார். "சார், எரிஞ்சிருந்தா நான் எரிஞ்சிருப்பேன். அதனால நான் ஒண்ணு சொல்றேன். இவர் வாயத் தொறக்காம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னதுக்காக இவர அனுப்பினீங்கன்னா அடுத்த தடவ தப்புப் பண்றவங்க சொல்ல மாட்டாங்க. யாருமே சொல்லாத ஒர்க்‌ஷாப்பு வண்டில நான் உக்கார மாட்டேன்" என்றார்.

ஃபோர்மேன் வண்டிக் குறைகள் எழுதுகிற பதிவேட்டை எடுத்து, நாலாம் நம்பர் பக்கத்தில் நிதானமாக எழுதினார். 'காரணம்: மூச்சு டப்பாவின் வாயில் துணி. கட்டியவர்: ஏழுமலை. கண்டுபிடித்தவர்: ஏழுமலை.'

"சார், நான் கண்டுபிடிக்கல. கட்டினது மட்டும்தான் நான்" என்றேன்.

"எழுதனது எழுதனதுதான்பா" என்று பதிவேட்டை மேனேஜர் பக்கம் தள்ளினார். மேனேஜர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது சாதிக், "ஒரு நிமிஷம் சார்" என்று பேனாவை வாங்கினான். அவன் பதிவேட்டில் எழுதி நான் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரி எழுதினான். 'அஞ்சு பேக்கிங்கிலும் குறை இல்லை. சாதிக்.' எழுதிவிட்டுப் பேனாவை மேனேஜரிடம் கொடுத்து, அவர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றான். அப்புறம்தான் என்னைப் பார்த்து, "வாண்ணா, சாப்பிடப் போவலாம்" என்றான்.